திரும்பி வந்த பற்கள்

மார்ச் 6

தம்பிக்கு அக்காவின் அன்பு.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் குரலைத் தாழ்த்துகிறேன், குரலைத் தாழ்த்தியதற்காக நீ இன்னும் கொஞ்சம் கத்துகிறாய். அதனால் "இனிமே எல்லாத்தையும் எழுத்துல கொடு" என்று நீ சொன்னது எனக்கும் வசதிதான். உலோக வேலைக்காக வாராவாரம் தலைமைப் பட்டறைக்கு, உன்னிடம் வரும் பல் அச்சுப் பெட்டியில், பஞ்சுக்கு மேலே இதை வைக்கிறேன். அவசரமாகப் பிரித்து அச்சை உடைத்துவிடாதே.

பிப்ரவரியில் இந்தக் கிளையில் நானூற்றுப் பத்துப் பற்கள் செய்து மருத்துவர்களுக்கு அனுப்பினோம். கேப், பாலம், முழு செட் எல்லாம் சேர்த்து. முப்பத்தொன்று திரும்பி வந்தன. அதிகம்தான். இதை நான் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

உன் முதல் சுற்றறிக்கை வந்தது. கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டச் சொன்னாய், திங்கட்கிழமை ஒட்டினேன். யார் யார் செய்ததில் எத்தனை திரும்பி வந்தது என்று பெயரோடு போட்டிருந்தாய். பீங்கான்காரம்மா பெயருக்கு நேரே பதினொன்று. பதினைந்து வருடமாக நம்மிடம் பீங்கான் பூசுகிறவர். நின்று படித்தார், கையைத் துடைத்தார், போய் உட்கார்ந்தார். அன்றைக்கு ஒரே ஒரு முன்பல்லை மூன்று முறை சூளையில் வைத்து எடுத்தார். சாதாரணமாக ஒரு நாளில் ஆறு முடிப்பார்.

மெழுகுக்காரர் வேறு மாதிரி. நேற்று ஒரு அச்சு வந்தது, நடுவில் காற்றுக் குமிழி. முன்பெல்லாம் "இதுல பல்லு செய்யணும்னா டாக்டர் வாய்லேயே வந்து உக்காரணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். நேற்று பேசாமல் குமிழியை மெழுகால் அடைத்துவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளினார். "ஏன் இப்படி?" என்றேன். "திருப்பி அனுப்பினா லேட்டு. லேட்டு என் பேர்ல விழும். இப்ப எவன் பேர்லயோ விழட்டும்" என்றார்.

இதைப் பற்றி யோசி. நான் சொல்வதற்காக வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 13

அக்கா,

அச்சு உடையவில்லை. கடிதம் பிரமாதம். நீ கல்லூரியிலேயே இருந்திருக்க வேண்டியவள், உன்னைப் பல்லோடு கட்டிப்போட்டது அப்பா செய்த பாவம்.

ஆனால் ஒன்று. நீ அவர்களைத் தாலாட்டுகிறாய். தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். ஒருத்தர் முகம் சுண்டினால் உனக்குச் சோறு இறங்காது. ஒரு தாளைப் பார்த்துக் கை தடுமாறுகிறது என்றால், அந்தக் கை ஏற்கெனவே எங்கேயோ தப்பு செய்கிறது என்று அர்த்தம். நான் என்ன, திட்டினேனா? எண்ணிக்கை போட்டேன். எண்ணிக்கை யாரையும் அடிக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஜூன் கடைசி வரை பார்ப்பேன். மாதத்துக்குப் பதினைந்துக்குக் கீழே வராவிட்டால் உன் பட்டறையை இங்கே இழுத்துக்கொள்வேன். அங்கே முன்னறையும் நீயும் மட்டும். ஆறு பேரில் இங்கே வர முடிந்தவர்கள் வரட்டும். கோப்பு தயார், மேசைமேல் இருக்கிறது. கூடப் பிறந்தவள் என்பதால் உனக்கு ஒரு மாதம் கூடக் கொடுத்திருக்கிறேன், வெளியே சொல்லாதே.

சுற்றறிக்கை இரண்டும் மூன்றும் இதோடு வருகின்றன. இரண்டாவதில் சிவப்பு மையும் உண்டு. உன் பீங்கான்காரம்மா முதல் தாளின் நீலத்துக்குப் பழகட்டும், பிறகு சிவப்புக்குப் பழகட்டும்.

சின்னவனுக்குப் பால்பல் விழுந்துவிட்டது. "அத்தைக்கு அனுப்பி ஒட்டி வாங்கு" என்கிறான். பட்டியலில் உன் பெயருக்கு நேரே போடவா?

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

பால்பல்லுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சின்னவனிடம் சொல். புதிது இலவசமாக வரும்.

மார்ச்சில் இருபத்துநான்கு. முப்பத்தொன்றுக்கு இது குறைவு. ஒரு மாதத்து எண்ணை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே.

சுற்றறிக்கைகள் ஐந்து வரை கிடைத்தன. பத்திரமாக இருக்கின்றன.

மார்ச் கடைசி வாரம் எனக்குக் காய்ச்சல். ஏழு நாள் படுத்தே கிடந்தேன். பதினோரு வருடத்தில் தொடர்ந்து ஏழு நாள் நான் வராமல் இருந்தது இதுதான் முதல் முறை. பட்டறை தடுமாறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். தடுமாறவில்லை. சாணைக்காரர் தலைநிமிர்ந்து பார்த்து, "வந்துட்டீங்களா, காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மெருகு போட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு இரத்த அழுத்த மாத்திரை தீரும் நாள் இது. வாங்கிவிட்டாயா?

அக்கா


மே 5

அக்கா!

பன்னிரண்டு! ஏப்ரலில் பன்னிரண்டு! உன் மாதக் கணக்குச் சீட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டே மாதத்தில் முப்பத்தொன்று பன்னிரண்டாகிவிட்டது. இப்போது சொல், எண்ணிக்கை யாரை அடித்தது? சுற்றறிக்கை வேலை செய்கிறது. ஏழாவதில் நான் போட்ட அந்த வாசகம், "உங்கள் கை உங்கள் பெயரைச் சுமக்கிறது", அதை நானே யோசித்தேன். உன் ஆட்கள் அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார்கள்? மறைக்காமல் எழுது.

கோப்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். உன் பட்டறை உன்னிடமே இருக்கும். நிம்மதியாகத் தூங்கு.

இன்னொரு செய்தி. உன் மார்ச் எண் இறங்கியதைப் பார்த்து, மற்ற மூன்று கிளைகளிலும் இதே முறையை ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டேன். அடுத்த மாதம் பட்டறை முதலாளிகள் கூட்டத்தில் அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உன் கிளையின் எண்களைத்தான் திரையில் காட்டப் போகிறேன். இரண்டாம் கிளையில் கொஞ்சம் சலசலப்பு. பாலம் செய்கிற பெரியவர் பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும் வேலைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாராம், ஒன்பது நாளாக வரவில்லை. வருவார். மருந்து கசக்கத்தான் செய்யும், உன் கிளையில் இனித்துவிட்டதே.

மாத்திரை வாங்கிவிட்டேன். இப்போது அழுத்தமே இல்லை.

வெற்றி பெற்ற தம்பி


மே 11

தம்பிக்கு,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

உன் சுற்றறிக்கையை நான் ஒட்டவில்லை. முதலாவதை மட்டும் ஒட்டினேன், மார்ச் ஒன்பதாம் தேதி அதையும் எடுத்துவிட்டேன். இரண்டு முதல் ஏழு வரை என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கின்றன. அந்த வாசகத்தை என்னைத் தவிர ஒருவரும் படிக்கவில்லை. "பத்திரமாக இருக்கின்றன" என்று எழுதினேன். பொய் சொல்லாமல் பொய் சொல்வது எனக்குக் கைவந்த கலை, உனக்குத் தெரியும்.

பேசாமல் இருந்திருந்தால் பட்டறை பிழைத்துக்கொள்ளும். நான்கு நாள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இரண்டாம் கிளைப் பெரியவரின் கோட்டு ஆணியில் தொங்குவது இங்கே நடக்காத ஒன்றின் பெயரால். அதை என்னால் சுமக்க முடியாது.

அப்படியானால் எண் எப்படி இறங்கியது? நான் தாளை எடுத்ததால்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அதுவும் இல்லை. முழுசாகச் சொல்கிறேன், இதில் என் பங்கு உன் பங்கைவிட மோசம்.

பல் திரும்பி வரும்போது மருத்துவர் ஒரு சீட்டில் என்ன குறை என்று எழுதி அனுப்புவார். உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது, அந்தச் சீட்டு ஒருநாளும் மேசைக்குப் போனதில்லை. நான் படித்துவிட்டு, வெள்ளைத் துண்டுத் தாளில் வேறு மாதிரி எழுதிக் கொடுப்பேன். "இது பல்லா, பாறாங்கல்லா? நோயாளிக்கு வாயை மூட முடியவில்லை, யார் செய்தது இதை?" என்று வரும். நான் "உயரம் சற்றுச் சரிபார்க்கவும்" என்று எழுதுவேன். கிளினிக் பெயரையும் எடுத்துவிடுவேன், ஒரு டாக்டர்மேல் கோபம் வந்து அவர் வேலையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று. பதினோரு வருடம். அது அன்பு என்று நினைத்தேன்.

எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் வெள்ளைத் தாள் எழுத ஆள் இல்லை. மருத்துவர்களின் சீட்டுகள் அப்படியே மேசைக்குப் போயின. நடந்ததைப் பிறகு சாணைக்காரர் நடித்தே காட்டினார். பீங்கான்காரம்மா மூன்று சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். மூன்றும் மூலைக் கிளினிக் டாக்டரம்மாவுடையது. மூன்றிலும் கீழ்க் கடைவாய்ப் பல், மூன்றிலும் உயரம்.

"என் கை எல்லாருக்கும் ஒழுங்கா செய்யும், இந்தம்மாவுக்கு மட்டும் உயரமா செய்யுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கு அவங்கமேல என்ன பழைய பகையோ?" என்றாராம் மெழுகுக்காரர்.

"மூஞ்சியே பாத்ததில்ல, பகை வேறயா?" என்று சொல்லிவிட்டு, சீட்டில் இருந்த எண்ணுக்கு நேராகப் போன் செய்திருக்கிறார். பட்டறையிலிருந்து யாரும் மருத்துவரிடம் பேசக் கூடாது என்பது விதி. அந்த விதியைப் போட்டதும் நான்தான்.

"டாக்டரம்மா, பாறாங்கல் செஞ்சது நான்தான். ஒண்ணு கேக்கணும். அச்சு மாவு வாய்க்குள்ள எத்தனை நிமிஷம் இருக்கு?"

டாக்டரம்மா உள்ளே யாரிடமோ கேட்டாராம். அப்புறம், "மூணு நிமிஷம்" என்றாராம். "நீங்க நின்னு பாப்பீங்களா, உதவியாளர் எடுப்பாங்களா?" "அவங்க எடுப்பாங்க." "ஒரு நாள் நீங்க நின்னு பாருங்களேன்."

மறுநாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார். வெளியே கூட்டம் சேர்ந்தால் உதவியாளர் மாவு இறுகுவதற்கு முன்பே அச்சை உருவிவிடுகிறாராம். அச்சு இழுபட்டுவிடுகிறது. இழுபட்ட அச்சில் யார் செய்தாலும் பல் பொருந்தாது. மார்ச்சில் திரும்பி வந்த இருபத்துநான்கில் பதினான்கு அந்த ஒரே கிளினிக்குடையது. ஏப்ரலில் அங்கிருந்து ஒன்று. இதில் உன் சுற்றறிக்கைக்கும் வேலை இல்லை, என் மென்மைக்கும் வேலை இல்லை. ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடமே சொன்னார்கள், அவர் சரிசெய்தார். அவ்வளவுதான்.

இரண்டு வருடச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த டாக்டரம்மா இதையே அறுபது எழுபது முறை எழுதியிருக்கிறார். நான் அவற்றில் வசவை மட்டும் பார்த்தேன். வசவைத் துடைத்த அவசரத்தில் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. நான், புள்ளியியல் படித்தவள்.

நான் திரும்பி வந்ததும் பழையபடி வெள்ளைத் தாளை எடுத்தேன். பீங்கான்காரம்மா என் கையைப் பார்த்தார். "அது வேணாங்க. வர்றதை வர்ற மாதிரியே குடுங்க. திட்டு எங்களுக்குப் புதுசா என்ன, வீட்ல வாங்காததா?" என்றார். அதிலிருந்து கொடுத்துவிடுகிறேன்.

கூட்டத்தில் பேசாதே. மூன்று கிளைகளிலும் தாளை எடுத்துவிடு. பிறகு என் பட்டறையை என்ன செய்வது என்று நீ முடிவு செய். அது என் தப்புக்காக இல்லாமல் அவர்கள் வேலைக்காக இருக்கட்டும்.

அக்கா


மே 19

அக்கா,

படித்தேன்.

கூட்டத்தில் பேச முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் தொண்டை என்றேன்.

கோப்பு மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. நீ தாளை ஒட்டாததற்காக இல்லை. நான் தப்பான தாள் எழுதினேன், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழு தாள் அனுப்பினேன். எழுதிய ஒவ்வொரு முறையும், உன் ஆட்கள் படித்திருப்பார்கள், என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். "என்ன சொன்னார்கள்" என்று கேட்டேன். ஒரு முட்டாள் கேட்கிற மாதிரி.

எனக்கும் வெள்ளைத் தாள்தான் கொடுத்திருக்கிறாய். பன்னிரண்டு என்று எழுதினாயே, அது பன்னிரண்டா? அல்லது தம்பி முகம் சுண்டக் கூடாது என்று எழுதிய பன்னிரண்டா? உன் எழுத்தை நம்பி ஒரு பட்டறையை நான் எப்படி விட்டுவைப்பது?

இன்னொன்று. அப்பா கடைசி இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. நீதான் நடுவில். "நிர்வாகம் உனக்கு நன்றாக வரும் என்று சொன்னார்" என்று வந்து சொன்னாய். அதை வைத்துத்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா, அவர் அப்படித்தான் சொன்னாரா?


மே 25

தம்பிக்கு,

கேட்டதற்கு வரிசையாகப் பதில்.

இந்தப் பெட்டியில் அச்சு இல்லை. பிப்ரவரி முதல் இன்று வரை திரும்பி வந்த எல்லாப் பற்களின் மூலச் சீட்டுகளும் இருக்கின்றன, மருத்துவர்களின் கையெழுத்திலேயே. ஒவ்வொன்றிலும் அவர்களின் போன் எண் உண்டு. நீயே எண்ணு. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேள். சில சீட்டுகளில் என்னைப் பற்றியும் இருக்கிறது, அவற்றையும் எடுக்கவில்லை. மே மாதம் இதுவரை ஏழு.

பீங்கான்காரம்மாவின் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். பட்டறை நடக்கிறதா என்று என்னிடம் கேட்காதே. அவரிடம் கேள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. என்ன சொல்ல வேண்டும் என்று நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்பா அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னது இது: "அவனுக்குக் கை வராது. வாய்தான் வரும். வாயை வச்சு நடத்தட்டும். வேலை தெரிஞ்சவங்க பேச்சை அவன் காது கொடுத்துக் கேட்டா கடை நிக்கும். கேக்காட்டி மூடிடுவான்." அப்புறம், "இதை அவன்கிட்ட சொல்லு" என்றார்.

சொல்லவில்லை. பாதியை எடுத்து, நல்ல சட்டை போட்டு, உன்னிடம் கொண்டு வந்தேன். அவர் உன்னிடம் சொல்லச் சொன்ன ஒரே வாக்கியம் அது. ஒன்பது வருடம் நான் வைத்துக்கொண்டேன். மன்னிப்பு கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். நீ கோபப்பட முழு உரிமை உண்டு.

அக்கா


ஜூன் 21

அக்கா,

முதல் மூன்று நாள் உன்மேல் கோபம். அடுத்த நான்கு நாள் அப்பாமேல். அப்புறம் அந்த வாக்கியத்தை மறுபடி மறுபடி படித்தேன். நீ கொண்டு வந்ததைவிட அவர் சொன்னது நல்லதாக இருக்கிறது. அதில் எனக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

சீட்டுகளை எண்ணினேன். எண்கள் சரி. ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவில்லை.

மூன்று கிளைகளிலும் தாளை எடுத்தாயிற்று. இரண்டாம் கிளைப் பெரியவர் வீட்டுக்கு நானே போனேன். வாசலிலேயே நிற்கவைத்து, "'உள்ள வாங்க'ன்னு சொல்ல எனக்கு மனசு வரலை, ஆனா நிக்கவைக்கவும் மனசு வரலை" என்றார். கடைசியில் இரண்டு பேருமே வாசல்படியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினோம். அதாவது அவர் பேசினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பல் பொருந்துகிறதா என்று பார்க்கிற நோயாளி மாதிரி. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார்.

உன் பட்டறை அங்கேயே இருக்கும். கோப்பைக் கிழித்துப் போட்டேன், அலமாரியில் வைக்கவில்லை. இனி எல்லாக் கிளைகளிலும் மருத்துவர் சீட்டு நேராக மேசைக்குப் போகும், மேசையிலிருந்து மருத்துவருக்குப் போன் போகும். இதை எழுதி ஒட்டவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் நானே போய் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். உன் கிளைதான் பாக்கி. வியாழக்கிழமை வருகிறேன்.

பீங்கான்காரம்மாவோடு பேசினேன். ஒரு மணி நேரம். முதல் தாளைப் பற்றிக் கேட்டேன். "படிச்சேன் சார். மேல 'மதிப்பிற்குரிய'ன்னு போட்டுட்டு கீழ மானத்தை வாங்கியிருந்தீங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஒரு வார்த்தையும் நான் தொடவில்லை:

"உங்க அக்கா தங்கமானவங்க. ஆனா எங்ககூட டீ குடிக்க மாட்டாங்க. பதினோரு வருஷமா அவங்க ரூம்லயே தனியா குடிக்கறாங்க. நாங்க ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சோம். என்னன்னு கேக்க பயமா இருந்துச்சு. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க."

நான் கேட்கப் போவதில்லை. நீயே போய்ச் சொல்.

தம்பி